சிரம்பானுக்குக் கொண்டுபோன மூன்று வில்லைகள்

சிரம்பான் ரயில் நிலையத்தில் இறங்கியபோது, பெட்டியைத் தூக்க வந்த ஆளிடம் நான் கொடுக்க மறுத்தது ஒரு சின்னத் தோல்பையை மட்டும்தான். அதற்குள் மூன்று கண்ணாடிக் குப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கிருமிநாசினித் திரவத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை அமிழ்ந்து கிடந்தது. நடுவில் வட்டம், இருபுறமும் மெல்லிய கால்கள். மூன்றும் ஒரே அச்சு. நீளத்தில் மட்டும் ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர் வித்தியாசம்.

சென்னையில் கண் வைத்தியம் பார்க்கிறவன் நான். சிங்கப்பூரில் ஒரு மருத்துவக் கூட்டத்துக்கு வந்தவனை, லண்டனில் என்னோடு படித்த யாழ்ப்பாணத்துக்காரர் தம்பிராசா விடாப்பிடியாகச் சிரம்பானுக்கு அழைத்திருந்தார். மலாயாவில் அது அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே பட்டாளம். எங்கள் ரயிலுக்கு முன்னால் ஒரு தனி வண்டி போய்க்கொண்டிருந்தது. அது எதற்கு என்று எதிரே இருந்த துணி வியாபாரியைக் கேட்டேன்.

"தண்டவாளத்துல ஏதாச்சும் வச்சிருந்தா, அது முதல்ல போயிரும். நமக்கு ஒண்ணும் ஆகாது."

"அதில் ஆள் இருக்கிறார்களா?"

"இருக்காங்களே" என்று சொல்லிவிட்டு அவர் வாழைப்பழத்தை உரிக்க ஆரம்பித்தார்.

தம்பிராசாவின் வீடு ஊரை ஒட்டிய ராசா என்ற பகுதியில் இருந்தது. அவர் மனைவி இடியப்பமும் சொதியும் செய்திருந்தார். சொதியில் தேங்காய்ப்பால் தாராளம். மிளகாய் எங்கள் ஊர் அளவுக்கு இல்லை. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் தம்பிராசா விஷயத்துக்கு வந்துவிட்டார்.

அவருடைய நோயாளி, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவும் பாக்கியம் என்ற பெண். வயது முப்பது இருக்கலாம். மரம் சீவும்போது பட்டைச் சிலும்பு ஒன்று இடது கண்ணில் தெறித்திருக்கிறது. கண்ணில் புரை விழுந்தது. தம்பிராசா புரையை எடுத்தார். புரையோடு கண்ணின் சொந்த வில்லையும் போய்விடுமல்லவா? அந்த இடத்தைத் தடித்த மூக்குக்கண்ணாடி நிரப்ப வேண்டும். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தவருக்கு அது சரிப்படும். ஒரு கண்ணில் மட்டும் எடுத்தவருக்குக் கண்ணாடி போட்ட கண் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும்; நல்ல கண் உள்ளபடி காட்டும். இரண்டும் ஒன்று சேராது.

இதற்குப் பரிகாரமாகத்தான் கண்ணுக்குள்ளேயே வில்லை வைக்கும் முறை வந்தது. முதலில் கருவிழித் திரைக்குப் பின்னால் வைத்தார்கள். சிலருக்கு அது நழுவி உள்ளே விழுந்தது. பிறகு திரைக்கு முன்னால், கண்ணின் முன்னறையில், ஓரங்களில் கால் ஊன்றி நிற்கும்படி ஒன்றைச் செய்தார்கள். எப்போதோ புரை எடுத்த கண்ணிலும் இதை வைக்கலாம். சென்னையில் நான் சிலருக்கு வைத்திருந்தேன். முதல் சில மாதங்களின் பலனைப் பெருமையோடு தம்பிராசாவுக்கு எழுதியும் இருந்தேன். அந்தக் கடிதங்கள்தான் என்னை இங்கே இழுத்து வந்தன.

மறுநாள் காலை அவருடைய காரில் தோட்டத்துக்குப் புறப்பட்டோம். தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வழியில் மம்பா என்ற ஊரில் ஒரு சீனர் கடையில் காப்பி குடித்தோம். வெண்ணெயில் வறுத்த கொட்டை, தார்போல் கறுப்பு, அடியில் இரண்டு விரற்கடை கெட்டிப்பால். எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் பால் டின் வாங்கினார். கடைக்காரர் ஆணியால் டின்னில் இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தார். ஓட்டை போடாத டின் காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குப் போய்விடும் என்று அப்படி ஒரு சட்டமாம். அந்த அம்மாள் ஓட்டைகள்மேல் விரலை வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து போனார்.

தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களையும் மருந்தகத்தையும் சுற்றி முள்வேலி. வாசலில் சிறப்புக் காவல்படையைச் சேர்ந்த ஒரு மலாய்க்காரர், மீசை நரைத்தவர், மிக மரியாதையாக எங்களை இறங்கச் சொன்னார். காரின் இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என் தோல்பையைத் திறந்தார்.

அவர் மலாயில் கேட்டதைத் தம்பிராசா எனக்குச் சொன்னார்: "இது என்ன?"

"கண்" என்று பதில் சொல்லியிருக்கிறார் தம்பிராசா.

"யாருடைய கண்?"

விளக்கம் கொஞ்சம் நீண்டது. மருந்துகூடக் காட்டுக்குள் போகக்கூடாத காலம் அது. காவலர் ஒரு குப்பியின் மூடியைத் திருகி மூக்குக்குக் கொண்டுபோனார். விரலை உள்ளே விட்டுவிடப் போகிறாரோ என்று நான் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். குப்பி நழுவியது.

மூன்று பேரும் செம்மண் சரளையில் குந்தித் தேடினோம். கண்டெடுத்தவர் அவர்தான். நடு அளவு வில்லை. ஒரு கால் ஒடிந்திருந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்கும் பாவனையில் தன் மார்பைத் தொட்டுக்கொண்டார். நான் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால், முகர்ந்து பார்த்துவிட்டு மூடியிருப்பார். தப்பு என்னுடையது.

தோட்டத்து மருந்தகத்தில் டிரசர் ஆரோக்கியம் எங்களுக்காகக் காத்திருந்தார். தோட்டத்தில் வைத்தியர் இல்லாத நாளெல்லாம் வைத்தியர் அவரே. சற்று நேரத்தில் பாக்கியம் வந்தாள். புல்வெட்டும் வேலையிலிருந்து நேரே வந்ததால் முழங்கை வரை மண். இடது கண்ணைத் துணிப் பட்டையால் கட்டியிருந்தாள்.

"கண்ணாடி குடுத்தாங்களே, போடுறதில்லையா?" என்று கேட்டேன்.

"போட்டா ரெண்டு மரம் தெரியுதுங்க. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. எதுல உளிய வைக்கிறது?"

"கட்டிக்கிட்டு ஒரு கண்ணால சீவ முடியாதா?"

"முடியும். எம்புட்டு ஆழம் போகுதுன்னு தெரியாது. உளி உள்ள எறங்கி மரம் காயம் பட்டுரும். வேலைய மேல்பாக்குற மண்டோர் ரெண்டு தடவ பாத்தாரு. மூணாம் தடவ எனக்குன்னு இருந்த மர நெரையப் புடுங்கிக்கிட்டு புல்லுக்குப் போன்னுட்டாரு."

அவள் வீட்டுக்காரர் புகைக்கூடத்தில் வேலை செய்கிறவர். ஒரு கண் இருக்கிறதே, போதும் என்கிறாராம். "அவருக்கென்ன, ரப்பர் ஷீட்ட தொங்கவிட ஒரு கண்ணு போதும்லா" என்றாள்.

நான் அவள் கண்ணை அளந்தேன். அளவெடுக்கும் கவைமுள்ளை வைத்து ஓரத்திலிருந்து ஓரம் பார்த்து, இரண்டாம் முறையும் பார்த்தேன். வில்லையின் நீளம் இந்த அளவைப் பொறுத்தது. கணக்குப் பார்த்ததும் தம்பிராசாவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண்ணுக்குச் சரியானது நடு அளவு. அது என் கைக்குட்டையில் காலொடிந்து கிடந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. சின்ன வில்லை இருந்த குப்பியை அவள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இத உள்ளுக்கு வச்சா வெளிய தெரியுமா?"

"கிட்டத்தில் வந்து பார்த்தால் ஒரு மினுக்கம் தெரியும்."

"கேட்டுல சோதனை போடுறவ, காட்டுக்காரங்களுக்குச் சோறு கொண்டு போறமான்னு மடியெல்லாம் தடவுறா. கண்ணுக்குள்ளயும் பாப்பாளோ?" என்று சிரித்தாள். ஆரோக்கியமும் சிரித்தார்.

நான் சொன்னேன்: "அம்மா, இதை நான் வைத்தவர்களில் ரெண்டு பேருக்கு முதல் வருஷம் நல்லா தெரிஞ்சுது. அப்புறம் கருவிழி பனி மூடின மாதிரி வெளுத்துப் போச்சு. அந்தக் கண்ணால இப்ப வெளிச்சம் மட்டும்தான் தெரியும்."

தம்பிராசா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இது புதுச் செய்தி.

பாக்கியம் குப்பியை மேசைமேல் வைத்தாள். "அந்த ரெண்டு பேரும் இப்ப என்ன வேலை செய்யிறாங்க?"

யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். மற்றக் கண்ணை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார். இரண்டாமவர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர். ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்திவிட்டார். நானும் தேடவில்லை.

"ஒருத்தரைப் பத்தித் தெரியாது" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

தம்பிராசா ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். சின்னதை வைத்தால் என்ன? அரை மில்லிமீட்டர்தானே? இவளை இவ்வளவு தூரம் தயார் செய்ததே பெரிது. ஆஸ்பத்திரிக்கு வந்து தங்குவதற்குத் தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கி, புருஷனைச் சமாதானம் பண்ணி, எல்லாம் ஆகிவிட்டது. இப்போது விட்டால் இவள் மனசு மாறிவிடும். நானும் ஆங்கிலத்திலேயே மறுத்தேன். கெட்டுப்போன இரண்டு கண்ணிலும் வில்லை சின்னதாக இருந்தது, உள்ளே புரண்டு உராய்ந்தது என்பது என் சந்தேகம். பெரியது அதைவிட மோசம். கால் ஊன்றும் இடத்தை நெருக்கி அழுத்தும்.

"என்னப் பத்தித்தான பேசுறீங்க? தமிழ்ல பேசுங்க" என்றாள் பாக்கியம்.

நான் தமிழில் சொன்னேன். வாசலில் நடந்ததையும் ஒளிக்கவில்லை. அவள் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "அரை மில்லிமீட்டருன்னா எம்புட்டு?" என்றாள்.

நான் விரல் நகத்தைக் காட்டப் போனேன். ஆரோக்கியம் முந்திக்கொண்டார். "நீ ஒரு வெட்டுல சீவி எடுக்கிற பட்டை இருக்குல்ல, அதுல பாதி கூட வராது."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "அம்புட்டு ஆழம் கூடப் போனாலே மரம் காயம் பட்டுரும்" என்றாள், எங்களிடம் என்று இல்லாமல். பிறகு என்னைப் பார்த்து, "சரியான அளவு எப்ப வரும்?"

"லண்டனுக்கு எழுதி வரவழைக்கணும். ஆறு ஏழு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் புல்லா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனாள்.

ஆரோக்கியம்தான் ஒரு வழி சொன்னார். தோட்டத்தில் பழைய காடு என்று ஒரு கிழட்டு ரப்பர் மரப் பகுதி இருக்கிறது. அடுத்த வருஷம் மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நடப் போகிறார்கள். சாகப் போகிற மரம். எவ்வளவு காயம் பட்டாலும் கேட்பாரில்லை. "ஒத்தக் கண்ணோட அங்க தாராளமா சீவலாம் டாக்டர். ஆளும் பத்தல. யாரும் அங்க போக விரும்ப மாட்டாங்க." மரம் கிழடு, பால் குறைவு, அதனால்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

துரை பங்களா பக்கத்தில்தான். ஆங்கிலேயர், சிவந்த முகம், மேசைமேல் காகிதங்களுக்குப் பாரமாகத் துப்பாக்கி. நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் சரி என்றுவிட்டார். இவ்வளவு சுலபமாக ஒரு காரியத்தைச் சென்னையில் நான் சாதித்ததே இல்லை. திரும்பும்போது காரில் எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. கத்தி வைக்காமலே ஒரு நோயாளிக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று.

மூன்றாம் நாள் முழுக்க மழை. தம்பிராசா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். நான் ஒரு குடையோடு பஸ் ஏறிச் சந்தைக்குப் போனேன். பாதி வழியில் பஸ் நின்றது. ஓட்டுநர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, மூடிவிட்டு, மழைக்கு ஒதுங்கிச் சிகரெட் பற்றவைத்தார். யாரும் கோபப்படவில்லை. பின்னால் இரண்டு சீனக் கிழவிகள் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த தமிழ் இளைஞரிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். "பல்லு கட்டுனதப் பத்தி. புதுப் பல்லு வச்ச நாள்லேருந்து சோத்துல ருசியே இல்லையாம். கழட்டி வச்சிட்டுத்தான் சாப்பிடுறாங்களாம்" என்றார். சந்தைக்குப் போய்ச் சேர்ந்து, மீன் குழம்பில் வெண்டைக்காய் போட்டிருந்த ஒரு கடையில் சாப்பிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் நன்றாக இருந்தது.

மாலையில் தம்பிராசா நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார். "நீர் எனக்கு எழுதியிருக்க வேணும்" என்றார்.

"எழுதியிருக்கணும்."

"நல்லதை மட்டும் எழுதினீர். அதை நம்பித்தான் நான் அந்தப் பிள்ளைக்கு ஆசை காட்டினனான். வாசலிலை அந்த வில்லை ஒடியாமல் இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லியிருப்பீரோ?"

சொல்லியிருப்பேன் என்று பதில் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. நான் நம்பினேனா என்பதும் அப்போது நிச்சயமில்லை. குப்பியை அவள் கையில் கொடுத்தபோதுதான் சொல்ல வாய் வந்தது என்பது மட்டும் உண்மை. அவர் மனைவி தேநீர் கொண்டுவந்தார். நாங்கள் பேச்சை மாற்றிக்கொண்டோம்.

நான்காம் நாள் பிற்பகலில் எனக்கு ரயில். விடிந்ததும் தோட்டத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்றேன். தம்பிராசா மறுபேச்சில்லாமல் காரை எடுத்தார். வாசலில் வேறொரு காவலர். பையைத் திறக்காமலே விட்டார். ஆரோக்கியம் எங்களை நடத்திக் கூட்டிப்போனார். நல்ல மரங்களுள்ள பகுதி கோவில் தூண்களைப்போல வரிசையாக இருந்தது. அரை மணி நடந்தபின் மரங்கள் தடித்தன. பட்டையெல்லாம் முண்டும் முடிச்சும். அதற்குமேல் நிரை இல்லை. பத்து எட்டு தள்ளி நிஜக் காடு சுவர்போல் எழும்பி நின்றது. வேலி எங்கேயோ பின்னால் இருந்தது.

"இதுதான் பழைய காடா?" என்று கேட்டேன்.

"இதுதான் டாக்டர்."

"யாரும் வர மாட்டார்கள் என்றீர்களே..."

"அது இதுக்குத்தான்" என்றார் ஆரோக்கியம், காட்டைப் பார்க்காமல்.

பாக்கியம் இரண்டாவது நிரையில் நின்றுகொண்டிருந்தாள். இடது கண்ணைக் கட்டியிருந்தாள். உளி பட்டையில் இறங்கிச் சாய்வாக ஓடியது. வெட்டின் அடியில் வெள்ளை புள்ளி புள்ளியாய்த் துளிர்த்து, ஒன்று சேர்ந்து, மரத்தில் கட்டியிருந்த மங்குக் கிண்ணத்துக்குள் விழுந்தது. வெட்டு அங்கங்கே ஆழமாகத்தான் இருந்தது. அவள் எங்களைப் பார்த்தும் அந்த மரத்தை முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"இந்த இடம் காட்டை ஒட்டி இருக்கும் என்று எனக்குத் தெரியாது" என்றேன். "துரையிடம் சொல்லி மாற்றிவிடுகிறேன்."

"எதுக்கு? மறுபடி புல்லுக்கா?" உளியைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "நான் சீவத் தெரிஞ்சவங்கய்யா. கை மறந்து போச்சுன்னா அப்புறம் கண்ணு வந்து என்னத்துக்கு?"

"பயமாக இல்லையா?"

"இருக்கு" என்றாள். பிறகு கட்டை அவிழ்த்தாள். "அளவு எழுதி அனுப்பப் போறீங்கல்ல? இன்னொரு தடவ அளந்துக்குங்க. அன்னிக்கி மருந்தகத்துல வெளிச்சம் கம்மி."

கவைமுள் பையில் இருந்தது. அவளை மரத்தில் சாய்ந்து நிற்கச் சொல்லி அளந்தேன். அளவு மாறவில்லை. அவள் கேட்டுக்கொண்டபடி எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். தம்பிராசா தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திருப்பிச் சொன்னார். அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

சென்னை வந்ததும் நான் செய்த முதல் காரியம் லண்டனுக்கு எழுதியது. வில்லை ஏழாம் மாதம் தம்பிராசாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவரே வைத்தார். நான்கு பக்கக் கடிதம் எழுதினார். வில்லை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, கருவிழி தெளிவு, இரண்டு கண்ணும் ஒரே மரத்தைப் பார்க்கின்றன, மாதாமாதம் வந்து காட்டுவதற்குத் துரை அனுமதி கொடுத்துவிட்டார், மண்டோர் பழைய நிரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு வருஷம் போனால்தான் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்று இந்தத் தடவை அவரே எழுதியிருந்தார்.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு மேலே நாலு வரி. கண் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவள் தாதியிடம் ஒன்று சொன்னாளாம். பழைய காட்டில் சீவிக்கொண்டிருந்த மாதங்களில் ஒரு நாள் காலையில் மூன்று பேர் காட்டிலிருந்து வந்து சோறு கேட்டிருக்கிறார்கள். தன்னிடம் இல்லை என்றிருக்கிறாள். அவர்கள் வாளியை உதைத்துக் கவிழ்த்து, அவள் கழுத்தில் உளியை வைத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் அதை மண்டோரிடமும் சொல்லவில்லை, புருஷனிடமும் சொல்லவில்லை. சொன்னால் பழைய காட்டை மூடித் தன்னை மறுபடி புல்லுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான். கவிழ்ந்த வாளியை எடுத்துக்கொண்டு மிச்ச மரங்களையும் சீவி முடித்துவிட்டுத்தான் லயத்துக்குத் திரும்பினாளாம்.